நிறுத்தி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்

விதி இதுதான். தன் சம்பளத்தில் ஒரு பகுதி வேண்டாம் என்று நினைக்கும் அமைச்சர், அதை அரசுக்கு ‘ஒப்படைப்பதாக’ எழுதித் தர வேண்டும். ஒப்படைத்த பணம் அரசுடையது, திரும்பி வராது. ‘நிறுத்தி வைக்குமாறு’ எழுதித் தந்தால் கதை வேறு. நிறுத்தி வைத்த பணம் அவருடையதாகவே இருக்கும். காலக்கெடு முடிந்ததும் நிலுவைத் தொகையாக அவருடைய கணக்குக்கே வந்து சேரும்.

ஒப்படைக்க என்று எழுத வேண்டிய இடத்தில், நான் நிறுத்தி வைக்க என்று எழுதினேன்.

தெரிந்தே எழுதினேன். கை தவறவில்லை, நினைவும் தவறவில்லை. என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று எழுதினேன்... அதன் பலனை இன்றுவரை வேறொருவன் அனுபவிக்கிறான். அவன் பெயர் இசக்கிமுத்து.

நீங்கள் என்னை ஒரு வஞ்சகன் என்று நினைக்கக்கூடும். வஞ்சகனாக இருந்திருந்தால் எனக்கு ஏதாவது கிடைத்திருக்கும். எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. லஞ்சம் வாங்கியதில்லை, கோப்பை ஒளித்ததில்லை, அலுவலகப் பேனாவைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. எனக்கு இருந்தது வேடிக்கை பார்க்கும் குணம் ஒன்றுதான். அதைப் போல் கெட்ட குணம் வேறு உண்டா என்று இப்போது யோசிக்கிறேன்.

சென்னைத் தலைமைச் செயலகத்தில் சார்புச் செயலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அமைச்சர்களின் சம்பளம், படி, வீட்டு வாடகை, கார், தொலைபேசி எல்லாம் என் பிரிவின் வழியாகத்தான் போகும். ஓர் அமைச்சர் பதவியேற்ற அன்று அவர் முகத்தை நாடு பார்க்கும். அவருடைய வங்கிக் கணக்கு எண்ணை நான் பார்ப்பேன். சொந்த ஊர் திருநெல்வேலி. இப்போது பாளையங்கோட்டையில், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, நானும் மனைவியும் மட்டுமாக ஒரு பெரிய வீட்டைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டு இருக்கிறோம்.

சம்பளம் வேண்டாம் என்று அறிவித்த அமைச்சர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வறட்சி வந்தால் ஒருவர், வெள்ளம் வந்தால் ஒருவர், தேர்தல் வந்தால் இரண்டு மூன்று பேர். மேடையில் அறிவிப்பார்கள், மறுநாள் படத்தோடு செய்தி வரும், எழுத்தில் ஒன்றும் வராது. எழுத்தில் வராததை எப்படிப் பிடித்தம் செய்வது? மாத முடிவில் முழுச் சம்பளமும் போய்விடும். நானும் யாருக்கும் நினைவூட்டியதில்லை. நினைவூட்டுவது என் வேலை அல்ல என்று விதிகளில் தெளிவாக இருந்தது.

எங்கள் அலுவலக மொழியில் இன்னொரு விசேஷம் உண்டு. ‘சரண்டர்’ என்றால் உலகத்துக்கு விட்டுக்கொடுப்பது, அடிபணிவது. எங்களுக்குப் பணம் வாங்குவது. எடுக்காத விடுப்பை அரசிடம் சரண் செய்தால் அதற்கு ஈடாகச் சம்பளம் கிடைக்கும். “சரண்டர் போட்டாச்சா?” என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வோம். கேட்பவன் முகத்திலும் சொல்பவன் முகத்திலும் சந்தோஷம் இருக்கும். ஆகவே, ஒரு சொல் அரசாங்கத்துக்குள் நுழைந்தால் எந்த உருவத்தில் வெளியே வரும் என்பது எனக்கு எப்போதும் ஒரு வேடிக்கை.

அந்த ஆண்டு மழை பொய்த்தது. நிதி நெருக்கடி என்று சொல்லி எங்கள் அகவிலைப்படி உயர்வை ‘நிறுத்தி வைத்தார்கள்’. சரண் விடுப்புப் பணத்தையும் ‘நிறுத்தி வைத்தார்கள்’. நிறுத்தி வைத்தது என்றைக்காவது ஓடி வரும் என்று காத்திருந்தோம். பிறகு இன்னோர் ஆணை வந்தது: நிறுத்தி வைத்த காலத்துக்கு நிலுவை எதுவும் கிடையாது. அவ்வளவுதான். எங்கள் விஷயத்தில் நிறுத்தி வைத்தல் என்றால் இல்லாமல் ஆக்குதல்.

அப்போதுதான் அந்தக் கேள்வி எனக்குள் புகுந்தது. இதே சொல்லை ஓர் அமைச்சருக்கு எழுதினால் அது என்ன பொருள் தரும்?

வெறும் இலக்கண ஆர்வம் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோபம் இல்லையா? இருந்தது. அதைக் கோபம் என்று ஒப்புக்கொள்ள என் படிப்பு இடம் கொடுக்கவில்லை.

ஆனித் தேருக்காக விடுப்பில் ஊருக்கு வந்திருந்தேன். பாபநாசம் அணையில் தண்ணீர் இல்லை; கார் சாகுபடிக்கு மடை திறக்கவில்லை. நாற்றுப் பாவ வேண்டிய வயல்களில் ஆடு மேய்ந்தது. எங்கள் பக்கத்து அமைச்சர் ஒருவர் முக்கூடலில் விவசாயிகள் கூட்டத்தில் பேசினார். அரசியலுக்கு வருமுன் பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியராக இருந்தவர், நன்றாகப் பேசுவார்.

“உங்க வயலு காய்ஞ்சி கெடக்கும்போது எனக்கு எதுக்குய்யா முழுச் சம்பளம்? நூத்துக்கு முப்பது ஒரு வருசத்துக்கு எனக்கு வேண்டாம்” என்றார். கூட்டம் கைதட்டியது. “சம்பளம் கெடக்கட்டும், தண்ணிய எப்ப விடுதிய?” என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டாராம். அது செய்தியில் வரவில்லை. எனக்குச் சொன்னவன் இசக்கிமுத்து.

அவன் வருவாய்த் துறையில் உதவியாளர். அயல்பணியில் அந்த அமைச்சருக்கு நேர்முக உதவியாளராகப் போயிருந்தான். முக்கூடல்காரன். என்னைவிட ஒன்றிரண்டு வயது இளையவன். சென்னையில் ஊர்க்காரர் யாரைப் பார்த்தாலும் ஒட்டிக்கொள்ளும் சுபாவம். என் அறைக்கு வந்தால் நாற்காலியில் உட்காராமல் ஜன்னல் திட்டில் சாய்ந்துகொண்டு ஊர்க்கதை பேசுவான்.

கூட்டம் முடிந்த மறுநாள் காலையில் அவனிடமிருந்து தொலைபேசி வந்தது.

“அண்ணாச்சி, ஊர்லதான இருக்கிய? கொஞ்சம் பயணியர் மாளிகை வரைக்கும் வந்துட்டுப் போங்களேன். ஐயா இப்பவே சம்பளக் கடிதாசில கையெழுத்துப் போடணுங்காரு. பத்திரிகைக்காரங்க வெளிய நிக்காங்க. எனக்கு அந்த வாசகம் எல்லாம் தெரியாது.”

“நான் லீவுல இருக்கேம்லா, ஏ இசக்கி.”

“லீவுல இருந்தா தமிழ் மறந்தா போவும்? பைய வாங்க. கார் அனுப்புதேன்.”

போனேன். விடுப்பில் இருக்கும் அலுவலர் அரசுப் பணி எதையும் பார்க்கக் கூடாது. அதனால் நான் அங்கே போனதற்குப் பதிவு கிடையாது. இது பின்னால் எனக்கு எவ்வளவு வசதியாகப் போயிற்று என்பதை நீங்களே பார்ப்பீர்கள்.

உள்ளறையில் அமைச்சர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முன்னறையில் இசக்கி மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். நான் சொல்லச் சொல்ல அவன் தட்டினான். முகவரி, பொருள், அன்புடையீர் எல்லாம் ஆயிற்று. “எனது மாதச் சம்பளத்தில் முப்பது சதவீதத்தை ஓராண்டு காலத்துக்கு...” என்று சொல்லி நிறுத்தினேன்.

 அவன் விரலைத் தூக்கியபடி என்னைப் பார்த்தான்.

“நிறுத்தி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்” என்றேன்.

அவன் தட்டினான். தட்டிவிட்டுச் சிரித்தான்.

“நம்ம அகவிலைப்படிய நிறுத்துன மாதிரியே இவருக்கும் நிறுத்திப்புட்டியளே அண்ணாச்சி. நல்லா வேணும்.”

நானும் சிரித்தேன். இருவரும் சிரித்தது ஒரே விஷயத்துக்கு என்று அவன் நினைத்தான்.

அமைச்சர் கை துடைத்துக்கொண்டே வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைப் பார்த்தார். “சார்வாள், இது போதும்லா?” என்றார். போதும் ஐயா என்றேன். கையெழுத்துப் போட்டு, அதைக் கையில் பிடித்தபடியே வெளியே போனார். கேமராக்கள் சத்தமிட்டன.

படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று முடிவு செய்தேன். ஒரு தமிழாசிரியர்! எனக்கு உள்ளூரச் சிரிப்பு. அன்று மாலை தேர் பார்க்கப் போனேன். தெற்கு ரதவீதியில் கூட்டத்தோடு நின்று வடத்தைத் தொட்டுக் கும்பிட்டேன். மனதில் உறுத்தல் ஏதும் இருந்ததாக ஞாபகம் இல்லை.

ஓராண்டு முடிந்தது. கடிதப்படி பிடித்து வைத்திருந்த தொகையை என்ன செய்வது என்று பிரிவில் கேட்டுக் கோப்பு வைத்தார்கள். கோப்பு என் மேசைக்கு வந்தது.

நன்றாகக் கேளுங்கள். அது எனக்குக் கிடைத்த இரண்டாவது வாய்ப்பு. ‘அமைச்சரின் நோக்கம் ஒப்படைப்பதே, உறுதி செய்துகொள்ளவும்’ என்று ஒரு வரி எழுதியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். நான் எழுதியது: ‘விதிப்படி நிலுவையை வழங்கலாம்.’

ஏன்? பணம் தானாகக் கணக்கில் வந்து விழுந்தால் ஒரு மனிதன் என்ன செய்வான் என்று பார்க்க வேண்டும்போல் இருந்தது. பதறித் திருப்பி அனுப்புவாரா? என்னைக் கூப்பிட்டுச் சத்தம் போடுவாரா? நிவாரண நிதிக்குக் காசோலை கொடுத்து இன்னொரு படம் எடுத்துக்கொள்வாரா? மூன்றுக்கும் தயாராக இருந்தேன். அமைச்சரின் அறையிலிருந்து தொலைபேசி வரும் என்று நாளும் எதிர்பார்த்தேன்.

ஒன்றும் வரவில்லை.

அந்த மௌனத்தை எப்படிப் புரிந்துகொள்வது என்று குழம்பினேன். அவருக்குத் தெரியவே தெரியாதா? தெரிந்தும் பேசாமல் இருக்கிறாரா? ஓய்வு பெறும் நாள் வரை அதே யோசனை. மாலை போட்டார்கள், சால்வை போர்த்தினார்கள், நேர்மையின் இலக்கணம் என்று ஒருவர் பேசினார். நான் கூட்டத்தில் அமைச்சரின் ஆட்கள் யாரும் வந்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இசக்கி மட்டும் வந்திருந்தான். சாந்தி ஸ்வீட்ஸ் மாதிரி இருக்காது, ஆனாலும் இருக்கட்டும் என்று சென்னையில் வாங்கிய அல்வாவைக் கையில் கொடுத்தான்.

அதன் பிறகு முக்கூடல் பக்கத்து விவசாயி ஒருவர் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டார். அமைச்சர் ஒப்படைத்த சம்பளத் தொகை எவ்வளவு? பதில் போயிற்று: ஏதுமில்லை. நிறுத்தி வைக்கப்பட்ட தொகை முழுவதும் அமைச்சருக்கே வழங்கப்பட்டுவிட்டது.

செய்தித்தாள்கள் பிடித்துக்கொண்டன. அமைச்சர் அன்றைக்கே காசோலை கொடுத்தார், படம் வந்தது. கூடவே ஒரு விளக்கமும் வந்தது: ‘என் விருப்பத்துக்கு மாறாக என் உதவியாளர் கடிதத்தின் வாசகத்தை மாற்றிவிட்டார். பணம் கணக்கில் வந்ததையும் என்னிடம் மறைத்துவிட்டார்.’

கடிதத்தின் அலுவலகப் பிரதியில் தட்டச்சு செய்தவரின் பெயர்ச் சுருக்கம் மட்டுமே இருந்தது. இ.மு.

இசக்கியை வருவாய்த் துறைக்கே திருப்பி அனுப்பினார்கள். குற்றக் குறிப்பாணை கொடுத்தார்கள். விசாரணை அதிகாரி ஒருவரை நியமித்தார்கள், அவர் மாறினார், அடுத்தவர் வந்தார். நான் பாளையங்கோட்டையில் உட்கார்ந்து அத்தனையும் நாளிதழிலும் ஊர்ப்பேச்சிலும் அறிந்துகொண்டிருந்தேன். என் கையெழுத்தில் ஒரு பக்கம் போதும், அவன் வெளியே வந்துவிடுவான் என்பது எனக்குத் தெரியும். குற்றச்சாட்டின் எந்தப் பத்தி எந்த வரியால் உதிரும் என்பதுகூடத் தெரியும். நடைமுறை தெரிந்தவன் அல்லவா!

எழுதவில்லை.

கருவூலத்தில் ஓய்வூதியர் நேர்காணல் நடந்த ஒரு நாளில் அவனைப் பார்த்தேன். உயிரோடுதான் இருக்கிறோம் என்று காட்ட நாங்கள் எல்லாரும் வரிசையில் நின்றோம். அவன் வேறு வரிசையில் நின்றான். தலை முழுக்க நரைத்திருந்தது. அறுபது வயது ஆன அன்றைக்கு அவனை ‘ஓய்வு பெற அனுமதிக்கப்படவில்லை’ என்று ஆணை போட்டு வைத்திருந்தார்கள். வழக்கு முடியும்வரை அவன் பணியிலும் இல்லை, ஓய்விலும் இல்லை. பிழைப்பூதியம் என்று ஒன்று வரும். அதை வைத்துப் பிழைக்க வேண்டும் என்பது அரசின் எதிர்பார்ப்பு.

“அண்ணாச்சி, நல்லாருக்கியளா? மதினி சுகமா?”

“இருக்கோம். நீ எப்படி இருக்கே?”

“எனக்கென்ன, மைத்துனன் உரக்கடையில கல்லாவுல இருக்கேன். மூட்டை கணக்குத்தான. தப்பா எழுதினா அவன்தான் திட்டுவான், அரசாங்கம் திட்டாது.”

அவனே சிரித்தான். பிறகு என் தோளைத் தொட்டு ஓரமாக அழைத்துப் போனான்.

“ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். நான் உங்க பேரை எங்கனயும் சொல்லல அண்ணாச்சி. வெளக்கத்துலயும் எழுதல. அவசரத்துல ஒரு வார்த்தை மாறி வந்திருக்கும், நானும் கவனிக்கல. அதுக்குப் போயி ரிட்டையர் ஆன மனுசன இழுத்து விடக் கூடாதுல்லா? நீங்க என்ன வேணும்னா சொல்லியிருப்பிய?”

நீங்கள் அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன். நான் செய்தது இது: என் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள் என்று சொல்லிவிட்டு வரிசைக்குத் திரும்பினேன். கூப்பிடவில்லை.

அந்த மாதமே பத்தமடையில் ஒரு கல்யாணம். மணமக்களுக்குக் கொடுத்த பாயில் பெயர் நெய்திருந்ததை எல்லாரும் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பந்தியில் என் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தவர் அந்த அமைச்சர். இப்போது முன்னாள். தேர்தலில் தோற்றுப்போய், கூட ஆள் இல்லாமல், சாம்பாருக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்.

எத்தனை ஆண்டுகளாக இந்தக் கேள்வியைச் சுமந்தேன்! பாயசம் வருமுன் கேட்டுவிட்டேன்.

“ஐயா அன்னைக்கு அந்தக் கடிதத்தைப் படிச்சிப் பாத்துத்தான் கையெழுத்துப் போட்டீங்களா?”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமே இல்லை.

“படிக்காம போடுவனா வே? நிறுத்தி வைக்கதுக்கும் குடுத்துடுததுக்கும் வித்தியாசம் தெரியாமலா பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தேன்? படிச்சேன். படிச்சிட்டுத்தான் உம்ம மொகத்தப் பாத்தேன். நீரு ஒண்ணும் தெரியாத மாதிரி நின்னீரு. சரி, சார்வாள் நமக்கு ஒரு வழி வச்சிருக்காரு, விதி தெரிஞ்ச மனுசன், பேசாம இருப்போம்னு நினைச்சேன்.”

“பணம் வந்தப்போ?”

“இசக்கி வந்து சொன்னாம்லா. ஐயா, தப்பா வந்திருக்கு, திருப்பிருவமான்னு கேட்டான். பாப்போம்னேன்.” அப்பளத்தை நொறுக்கினார். “தப்பா வந்திருக்குன்னு எப்பிடிச் சொல்ல? நீரு அனுப்புனதுல்லா.”

பிறகு அவர் பாயசம் வேண்டும் என்று கையைக் காட்டினார்.

நான் பரீட்சை வைத்தேன் என்று நினைத்திருந்தேன். அவர் அதைப் பரிசாக வாங்கிக்கொண்டிருக்கிறார். என் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. எவ்வளவு துல்லியமான பதில்! ஆனால் கேள்வி கேட்டவனே பதிலை எழுதிக் கொடுத்திருந்தால் அதற்குப் பெயர் என்ன? அந்தச் சொல்லை நான் எழுதாமல் இருந்திருந்தால், தன் முப்பது சதவீதத்தை உண்மையாகவே கொடுத்துவிட்டுப் போயிருப்பாரோ என்னவோ. மேடையில் சொன்னபோது மனதாரச் சொன்னாரோ என்னவோ. அதைத் தெரிந்துகொள்ளும் வழியை நானே அடைத்துவிட்டேன்.

இசக்கியிடம் போய்ச் சொல்லிவிடுவது என்று அன்றைக்கே தீர்மானித்தேன். அன்றைக்கே போனேனா? இல்லை. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஓய்வு பெற்றவன்மீதும் துறை நடவடிக்கை எடுக்கலாம், ஓய்வூதியத்தில் கை வைக்கலாம். ஆனால் நிகழ்ச்சி நடந்து நான்கு ஆண்டுகளுக்குள் எடுக்க வேண்டும். ‘விதிப்படி வழங்கலாம்’ என்று நான் எழுதிய நாளிலிருந்து நான்கு ஆண்டு முடிய இன்னும் கொஞ்சம் மாதங்கள் இருந்தன. நான் காத்திருந்தேன். முழங்கால் வலி என்று மனைவியிடம் சொன்னேன். வெயில் என்று எனக்குச் சொல்லிக்கொண்டேன். நான்கு ஆண்டு முடிந்த மறு வாரம் முழங்காலும் சரியாயிற்று, வெயிலும் தாழ்ந்தது. முக்கூடலுக்குப் பஸ் ஏறினேன்.

உரக்கடையில் யூரியா மூட்டைகளுக்கு நடுவே அவன் உட்கார்ந்திருந்தான். எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டான். கலர் வாங்கிவரச் சொன்னான், வேண்டாம் என்றேன். முழுவதையும் சொன்னேன். சொல் மாறி வரவில்லை, மாற்றிச் சொன்னேன் என்பதை. கோப்பு என் மேசைக்கு வந்ததை. கல்யாணப் பந்தியில் கேட்டதை.

அவன் எழுந்தான். கடைக்கு வந்த ஒருவருக்குப் பூச்சிமருந்து எடுத்துக் கொடுத்து, சில்லறை எண்ணிக் கொடுத்து அனுப்பினான். திரும்பி வந்து உட்கார்ந்தான்.

“அந்தக் கோப்புல என்னைக்கு எழுதுனிய?”

சொன்னேன். அவன் உதடு அசைந்தது. கணக்குப் போடுகிறான் என்று எனக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. அவனும் என்னைப் போல் விதிகளுக்குள் வளர்ந்தவன்தானே.

“நாலு வருசம் முடிஞ்சிட்டு, என்ன சார்?”

சார் என்றான். இத்தனை காலத்தில் அவன் வாயிலிருந்து எனக்கு அந்தச் சொல் வந்ததே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பக்கத்துக் கடைக்காரரை அவன் அண்ணாச்சி என்று கூப்பிட்டு நூறு ரூபாய்க்குச் சில்லறை கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

“இதை எங்கிட்ட சொல்லி என்ன ஆவப் போவுது சார்? அங்கன சொல்லுங்க. இப்ப இருக்க அதிகாரி ஆவணி முடியிறதுக்குள்ள விசாரணைய முடிச்சி அறிக்கை குடுக்கப் போறாராம். அதுக்குள்ள எழுதுங்க. அறிக்கை போயிட்டுன்னா எனக்குப் பென்சனு கெடையாது. மக கல்யாணத்துக்குப் பணிக்கொடைய நம்பிக் கடன் வாங்கியிருக்கேன்.”

எழுதுகிறேன் என்றேன். அன்றிரவே உட்கார்ந்து எழுதினேன். நான்கு பக்கம். அவ்வளவு தெளிவான குறிப்பை என் பணிக்காலம் முழுதும் நான் எழுதியதில்லை. ஒரு சொல்லைக்கூட மாற்ற முடியாது. படித்துப் பார்த்தபோது, இதைச் சொன்னால் சிரிப்பீர்கள், நடை நன்றாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

பிறகு அதை உரிய வழியாக அனுப்பினேன்.

அரசு ஊழியன் மேலிடத்துக்கு எழுதும் எதையும் தன் மேலதிகாரி வழியாகத்தான் அனுப்ப வேண்டும். அதற்கு ‘உரிய வழி’ என்று பெயர். ஓய்வு பெற்றவனுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. எனக்கு மேலதிகாரி என்று யாரும் இல்லை. ஆனாலும் என் பழைய துறைக்கு அனுப்பினேன்; அவர்கள் வருவாய்த் துறைக்கு அனுப்ப, அவர்கள் மாவட்டத்துக்கு அனுப்ப, அங்கிருந்து விசாரணை அதிகாரிக்குப் போகும்படி, ஒவ்வொரு முகவரியையும் வரிசையாக, உறையின் மேல் அழகாக எழுதினேன். எழுதியபோது அது வித்தியாசமாகவே படவில்லை. வேறு வழியில் ஒரு கடிதம் போகும் என்பதே எனக்குத் தோன்றவில்லை.

தோன்றவில்லையா? அல்லது எந்த வழியில் எத்தனை நாள் ஆகும் என்பது மற்ற எல்லாரையும்விட எனக்குத் தெரிந்திருந்ததாலா? இந்தக் கேள்விக்கு மட்டும் எவ்வளவு தோண்டினாலும் எனக்கு விடை தெரியவில்லை. மற்றவர் மனதை அறிய ஆசைப்பட்டு ஆட்டம் ஆடியவன், தன் மனதின் முன் இப்படி முழித்துக்கொண்டு நிற்கிறேன்.

இசக்கி இரண்டு முறை தொலைபேசியில் கேட்டான். “பதில் வந்துட்டா சார்?” வரவில்லை என்றேன். இரண்டாவது முறை எப்படி அனுப்பினேன் என்று கேட்டான். சொன்னேன். 

“விசாரணை அதிகாரி ஆபீசு உங்க வீட்டுல இருந்து நடந்து போற தூரம்லா சார்” என்றான். “நேரா போயிக் கையில குடுத்திருக்கலாம்லா.”

மறுநாளே பிரதியை எடுத்துக்கொண்டு நடந்து போனேன். அதிகாரி பயிற்சிக்காக வெளியூர் போயிருந்தார். தபால் பிரிவில் இருந்த பெண், “அசல் மேலிருந்து வரும் சார், பிரதிய நாங்க வாங்க முடியாது” என்று மரியாதையாகச் சொன்னாள். அப்படித்தான் சொல்ல வேண்டும். அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

பதில் பிறகு வந்தது, உரிய வழியாகவே. என் பழைய துறையின் முத்திரை, வருவாய்த் துறையின் முத்திரை, மாவட்டத்தின் முத்திரை எல்லாம் உறையில் இருந்தன. ஆகஸ்ட் இருபத்திரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை முற்பகல் பதினோரு மணிக்கு விசாரணை அதிகாரி முன் நேரில் ஆஜராகி என் கூற்றை உறுதி செய்ய வேண்டும். தவறினால், எனக்குக் கூறுவதற்கு ஏதுமில்லை எனக் கருதி, இருக்கும் ஆவணங்களின் அடிப்படையில் அறிக்கை அன்றே இறுதி செய்யப்படும் என்று எழுதியிருந்தது. வாசகத்தில் ஒரு பிழையும் இல்லை.

தபால்காரர் அதை என் கையில் கொடுத்தது ஆகஸ்ட் இருபத்தாறு, செவ்வாய்க்கிழமை.